பாறை இடுக்கில் இரண்டு இரவுகள்

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி, திங்கட்கிழமை. பாலக்காட்டை அடுத்த மலம்புழாவின் அருகில் சேராடு என்றோர் ஊர் உள்ளது. அங்குள்ள குரும்பாச்சி மலையில் ஏற நண்பர்கள் சிலர் புறப்பட்டனர். மலை ஏறக்குறைய 1000 மீட்டர் உயரமானது. அதன் ஒரு பக்கம் மரம் செடி எதுவும் பற்றிக்கொள்ள முடியாதபடி செங்குத்தாக இறங்கும் வெறும் பாறை.

பாதி வழியில் நண்பர்கள் களைத்துவிட்டனர். 23 வயது இளைஞர் ஒருவர் மட்டும் மேலே சென்றார். கால் வழுக்கியது. சரிந்து விழுந்த அவர், பாறையின் நடுவே இருந்த ஒரு சிறு இடுக்கில் போய்த் தங்கினார். மேலே ஏறவும் வழியில்லை. கீழே இறங்கவும் வழியில்லை. காலில் காயம். கையில் செல்போன் ஒன்று இருந்தது. அதன் மூலம் தமது நிலையைத் தெரிவித்தார். தாம் இருக்கும் இடத்தைப் படம் பிடித்தும் அனுப்பினார்.

தீயணைப்புப் படையினர் வந்தனர். காவல்துறையினர், வனத்துறையினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் என ஒருவர் பின் ஒருவராக வந்தனர். செவ்வாய்க்கிழமை கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டரும் வந்து, மலையைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிச் சென்றது. பாறைச் சுவருக்கு மிக அருகில் ஹெலிகாப்டர் நிற்க இயலாது. அதன் சுழலும் இறக்கை பாறையில் பட்டால் எல்லாம் முடிந்தது. படாவிட்டாலும் அது எழுப்பும் காற்றே ஒட்டிக்கொண்டிருப்பவரைக் கீழே தள்ளிவிடக் கூடும். மலையடிவாரத்தில் தாய் காத்திருந்தார். ஊரே திரண்டு நின்றது. அனைவருக்கும் அவர் இருக்கும் இடம் தெரிந்திருந்தது. நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாராலும் முடியவில்லை!

மலைகளில் காணாமற்போனவர்களைப் பற்றிப் பேசும்போது, இடம் தெரியாமைதான் துன்பம் என்று நினைக்கிறோம். இடம் தெரிந்தால் போதும், மீட்டுவிடலாம் என்றும் நினைக்கிறோம். குரும்பாச்சி மலை காட்டியது வேறு. தெரிவது ஒன்று, சென்று சேர்வது மற்றொன்று.

காட்டில் விடப்பட்டவன்

சாந்தோக்ய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒரு கதை கூறுகிறார். காந்தார தேசத்தைச் சேர்ந்த ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்து, மனித நடமாட்டமே இல்லாத காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவன் எல்லாத் திசைகளையும் நோக்கிக் கதறுகிறான். இரக்கமுள்ள ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு வருகிறார், கட்டை அவிழ்க்கிறார், காந்தாரம் இந்தத் திசையில் இருக்கிறது, இப்படியே போ என்கிறார். அவனும் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு நடந்து, தன் நாட்டை அடைகிறான். குருவைப் பெற்றவனே உண்மையை அறிகிறான் என்று உத்தாலகர் அந்தக் கதையை முடிக்கிறார். இதற்கு உரை எழுதிய ஸ்ரீசங்கரர், இந்த உடலே அந்தக் காடு என்கிறார். குளிரும் வெப்பமும், இன்பமும் துன்பமும் மாறி மாறித் தாக்கும் காடு. கண்ணைக் கட்டிய துணி மோகம். அழைத்து வந்து விட்ட திருடர்கள், நமது புண்ணிய பாவங்களே.

இந்தக் கதையில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. காந்தார தேசத்தானுக்குக் கால்கள் நன்றாக இருந்தன. கட்டை அவிழ்த்தவுடன் அவனால் நடக்க முடிந்தது. திசை தெரியாததுதான் அவனுடைய குறை. ஆன்மீக வாழ்வில் பலர் இந்த நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நல்ல நூலோ ஒரு சொற்பொழிவோ போதும். மீதியை அவர்களே நடந்து கடப்பார்கள்.

ஆனால் திசை தெரிந்தும் நகர முடியாதவர்கள்? தவறு எது என்று அறிந்திருக்கிறார்கள், அதை விட முடியவில்லை. ஒரு பழக்கத்திலோ, ஒரு பகையிலோ, ஒரு துக்கத்திலோ சிக்கியிருக்கிறார்கள். சற்று அசைந்தாலும் இன்னும் கீழே விழுவோம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. அவர்களிடம் போய், 'அதோ அந்தத் திசைதான்' என்று சொல்வதால் என்ன பயன்? பாறை இடுக்கில் இருப்பவருக்கு மலையடிவாரம் எந்தப் பக்கம் என்று சொல்லித் தரும் வேலைதான் அது. நம்முடைய அறிவுரைகளில் பாதி இப்படிப்பட்டவையே.

அசையாமல் இருப்பதும் ஒரு செயல்

இவர்களுக்காகவே ஸ்ரீமத் பாகவதம் வேறொரு கதையை வைத்திருக்கிறது. அதுவும் ஒரு மலையில் நிகழ்ந்ததுதான். திரிகூட மலையின் தடாகத்தில் யானைகளின் அரசனான கஜேந்திரன் இறங்குகிறான். முதலை காலைப் பற்றுகிறது. அவன் தன் பலமனைத்தையும் கொண்டு இழுக்கிறான். கூட்டத்திலிருந்த மற்ற யானைகளும் அவனைப் பின்னாலிருந்து பற்றி இழுக்கின்றன. ஆயிரம் ஆண்டுகள் இது நடந்ததாகப் பாகவதம் கூறுகிறது. நீரில் வாழும் முதலைக்கு நாள் செல்லச் செல்ல வலிமை கூடியது, யானைக்குக் குறைந்தது. இனித் தன்னாலும் ஆகாது, தன் சுற்றத்தாராலும் ஆகாது என்று கண்ட கணத்தில்தான் கஜேந்திரன் ஆதிமூலத்தை அழைத்தான்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் முயற்சியே வேண்டாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. சரணாகதி என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குரும்பாச்சி மலையில் அந்த இளைஞர் 'சும்மா இருந்த' விதத்தைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். பகல் முழுவதும் சுடும் பாறை. பிப்ரவரி மாதத்திலேயே பாலக்காட்டு வெயில் எப்படியிருக்கும் என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். இரவில் குளிர். உணவில்லை, நீரில்லை. கண்ணயர்ந்து உடல் ஒருபுறம் சாய்ந்தால் முடிந்தது. இப்படி 40 மணி நேரத்துக்கும் மேல் அவர் தம் இடத்திலேயே இருந்தார். அவர் செய்யக்கூடிய செயல்களில் அதுவே மிகக் கடினமானது. அவருக்குப் பயன்படக்கூடிய ஒரே செயலும் அதுதான். பதற்றத்தில் தாமாகவே இறங்க முயன்றிருந்தால், வந்தவர்கள் மீட்பதற்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

முயற்சியை விடுவது வேறு, வீண் முயற்சியை விடுவது வேறு. சரணடைந்தவன் உறங்குபவன் அல்லன். மற்ற எவரையும்விட அவனே விழித்திருக்கிறான். வைணவ ஆசாரியர்கள் சரணாகதியின் அங்கங்களைக் கூறும்போது, தன் இயலாமையை உணர்வதையும், 'அவன் கட்டாயம் காப்பான்' என்ற பெருநம்பிக்கையையும், 'நீயே காக்க வேண்டும்' என்று கேட்பதையும் தனித்தனியாக வைத்தார்கள். இயலாமையை மட்டும் உணர்பவன் மனமுடைந்து போவான். நம்பிக்கை சேரும்போதுதான் அது பிரார்த்தனையாகிறது.

மேலே கட்டப்பட்ட கயிறு

செவ்வாய்க்கிழமை இரவு இராணுவத்தினர் வந்து சேர்ந்தனர். நீலகிரியில் உள்ள வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் குழு ஒன்றும், பெங்களூரிலிருந்து பாராசூட் படைப்பிரிவின் குழு ஒன்றும் வந்தன. லெப்டினன்ட் கர்னல் ஹேமந்த் ராஜ் அந்தப் பணிக்குத் தலைமை தாங்கினார். விடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இருளிலேயே மலையேறினார்கள். அவருக்குக் கேட்கும் தூரத்தை அடைந்ததும் குரல் கொடுத்துப் பேசினார்கள். இரண்டாவது இரவில், தண்ணீர் வருவதற்குப் பல மணி நேரம் முன்பாகவே, ஒரு மனிதக் குரல் வந்தது. அந்த இளைஞரைப் பிடித்து வைத்திருந்தவற்றுள் அந்தக் குரலுக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும்.

கீழிருந்து எட்ட முயன்றவர்களால் இயலாமற்போனது. இராணுவத்தினர் மலையின் உச்சியை அடைந்து, அங்கிருந்து கீழே வந்தார்கள். புதன்கிழமை காலை வீரர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை அடைந்தார். முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு பட்டைவார்களால் அவரைத் தம்முடன் சேர்த்துப் பிணைத்துக்கொண்டார். மேலே இருந்தவர்கள் இருவரையும் சில நூறு அடி தூரம் உச்சிக்கு இழுத்தார்கள்.

இதில் கயிற்றின் வேலையைச் சற்றுக் கவனிக்க வேண்டும். இறங்குபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், முதலில் கயிறு மேலே அசையாத ஒன்றில் கட்டப்பட்டாக வேண்டும். பாறையைச் சோதித்து, பாரம் தாங்குமா என்று பார்த்து, அதன் பிறகே ஒருவர் இறங்குகிறார். கட்டப்படாத கயிற்றுடன் இரக்கத்தால் மட்டும் உந்தப்பட்டு இறங்குபவர் காப்பாற்றப் போவதில்லை. விழுந்தவர்களின் எண்ணிக்கை இரண்டாகும், அவ்வளவே.

முண்டக உபநிஷதம் குருவுக்கு இரண்டு இலக்கணங்களைக் கூறுகிறது. அவர் சுரோத்திரியராக, அதாவது சாத்திரம் அறிந்தவராக இருக்க வேண்டும். பிரம்மநிஷ்டராக, அதாவது பிரம்மத்தில் நிலைபெற்றவராகவும் இருக்க வேண்டும். ஒன்று கயிற்றைக் கையாளும் திறமை. மற்றொன்று, தாமே அசையாத ஒன்றில் கட்டப்பட்டிருக்கும் நிலை. இன்றைக்குக் கயிறு வீசுபவர்களுக்குக் குறைவில்லை. அந்தக் கயிற்றின் மறுமுனை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பவர்கள்தாம் குறைவு.

மேலே இழுக்கப்படும்போது அந்த இளைஞர் தம் கைவலிமையால் தொங்கவில்லை. இரண்டு நாள் பட்டினி கிடந்த கைகளை நம்பி யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அவர் பிணைக்கப்பட்டிருந்தார். வயல் வரப்பில் நடக்கும் தந்தையையும் மகன்களையும் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய உவமை அன்பர்களுக்குத் தெரிந்ததே. தந்தையின் கையைத் தானே பற்றியிருக்கும் சிறுவன், பருந்தைக் கண்டு கைதட்டும்போது பிடி நழுவி விழுகிறான். தந்தை பற்றியிருக்கும் சிறுவனோ கைதட்டினாலும் விழுவதில்லை.

உச்சியை அடைந்ததும் அவர் வீரர்களை முத்தமிட்டு நன்றி சொன்ன காட்சி நாடெங்கும் காணப்பட்டது. பிறகு விமானப்படையின் ஹெலிகாப்டர் அவரை அங்கிருந்து எடுத்துச் சென்றது.

இதற்கிடையில், 'யார் இவரை ஏறச் சொன்னது?' என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. அனுமதியின்றி வனப்பகுதிக்குள் செல்வது சட்டப்படி குற்றம். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் கயிற்றில் இறங்கிய வீரர் அந்தக் கேள்வியைப் பாறையில் வைத்துக் கேட்கவில்லை. கணக்கு பிறகு, முதலில் தண்ணீர். வேடிக்கை என்னவென்றால், இந்த மீட்பு முடிந்து நான்கே நாட்களில், அதே மலையில் மற்றொருவர் ஏறியிருப்பது இரவில் தெரிய வந்தது. வனத்துறையினர் போய் அவரை இறக்கிக்கொண்டு வந்தார்கள். இறைவனின் கருணையைக் கேள்விப்பட்டவுடன், தவறு செய்ய நமக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணும் சாதகர்களும் இப்படித்தான்.

அழைக்காதவர்களைத் தேடி

காந்தார தேசத்தான் கதறினான். கஜேந்திரன் அழைத்தான். சேராட்டு இளைஞரும் அழைத்தார். அழைப்புக்குப் பதில் வந்தது. இத்துடன் நிறுத்திக்கொண்டால் மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் அதே மலைத்தொடர் நிறுத்த விடுவதில்லை.

பாலக்காட்டிலிருந்து தெற்கே, ஆனைமலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டம் இருக்கிறது. மலைகளுக்கு இடையிலுள்ள குறுகிய இடுக்கிலிருந்தே அந்தப் பெயர் வந்தது. மூணாறைத் தாண்டி, இராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி என்ற தேயிலைத் தோட்டக் குடியிருப்பு இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். பலருக்குக் கயத்தாறு வட்டாரம் பூர்வீகம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, கடும் மழையில் மலை சரிந்து அவர்களுடைய லயங்களின் மேல் விழுந்தது. தொலைபேசித் தொடர்பு இல்லை. வெளியுலகுக்குச் செய்தி கிடைத்தபோது பொழுது விடிந்துவிட்டது. வழியிலிருந்த பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. 70 பேர் இறந்தனர்.

அவர்கள் மலையேறச் சென்றவர்கள் அல்லர். எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. நாள் முழுவதும் உழைத்துவிட்டு உறங்கிக்கொண்டிருந்தவர்கள். அழைப்பதற்குக்கூட அவர்களில் பலருக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர்களைப் பற்றி நாம் என்ன சொல்வது? 'அழைத்தால் வருவான்' என்ற உபதேசத்தை எடுத்துக்கொண்டு பெட்டிமுடிக்குப் போக முடியுமா?

இறைவனை அழைப்பது, உடலைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் ஒப்பந்தம் அல்ல என்பதைப் பாகவதமே சொல்கிறது. அந்த நூலைக் கேட்டவர் பரீட்சித்து மன்னர். ஏழு நாட்களில் தட்சகனால் மரணம் என்ற சாபம் அவருக்கு. அவரும் கங்கைக் கரையில் தம் இடத்திலேயே அமர்ந்தார். சாகப்போகிறவன் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டார். சுகர் தேடிக்கொண்டு வந்தார். ஆனாலும் ஏழாம் நாள் தட்சகன் வரத்தான் செய்தான். கஜேந்திரனும் முதலையிடமிருந்து மீண்டபின் தன் யானைக் கூட்டத்துக்குத் திரும்பவில்லை. அந்த உடலையே விட்டு இறைவனை அடைந்தான். உடல் பிழைத்ததா என்ற அளவுகோலால் இந்த இருவரையும் அளக்க முடியாது.

இது அறிவுக்குப் பொருந்தும் பதில். ஆனால் மண்ணுக்கடியில் தம் குழந்தையைத் தேடி நிற்பவரிடம் இதைச் சொல்ல நாக்கு எழுமா? எழக் கூடாது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தேடுவது ஒன்றே. பெட்டிமுடியில் அதைத்தான் செய்தார்கள். மழையிலும் குளிரிலும், சேற்றிலும் ஆற்றிலும் நாள்கணக்கில் தேடினார்கள். உயிருடன் யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் தேடினார்கள்.

அவர்களோடு ஒரு நாயும் தேடியது. குவி என்பது அதன் பெயர். அது வாழ்ந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. அந்த நாய்க்கு யாரும் தேடும் பயிற்சி அளித்ததில்லை, கட்டளையும் இடவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு, ஆற்றின் ஓரிடத்தில் நீரையே பார்த்துக்கொண்டு நின்றது. மீட்புப் பணியாளர்கள் அங்கு சென்று பார்த்தபோது, மரக்கிளையில் சிக்கி அந்தக் குழந்தையின் உடல் இருந்தது.

அழைத்தால்தான் கருணை வருமா, அழைக்காமலும் வருமா என்று தமிழ் வைணவத்தில் நூற்றாண்டுகளாக ஒரு விவாதம் உண்டு. குரங்குக் குட்டி தாயைப் பற்றுவதுபோல் ஜீவன் பற்ற வேண்டும், கருணைக்கு ஒரு சிறு வியாஜமாவது, ஒரு சாக்காவது வேண்டும் என்பது வேதாந்த தேசிகரின் வழி. பூனைக் குட்டியைத் தாயே கவ்விச் செல்வதுபோல், காரணமே இல்லாமல் வருவதுதான் கருணை என்பது பிள்ளை லோகாசாரியரின் வழி. இரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். பாறையில் இருப்பவன் முதல் வழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் அழைக்கட்டும், தன் இடத்தை விடாமல் இருக்கட்டும். கயிறு கட்டுபவனுக்கு உரியது இரண்டாவது வழி. எதிரில் இருப்பவர் அழைத்தாரா, தகுதியுள்ளவரா, உயிரோடு இருக்கிறாரா என்றெல்லாம் அவன் கேட்டுக்கொண்டிருப்பதற்கில்லை. வாழ்க்கையில் நாம் எப்போது பாறையில் இருக்கிறோம், எப்போது கயிற்றருகில் நிற்கிறோம் என்பதை முன்கூட்டி அறிய முடிவதில்லை. ஒரே நாளில் இரண்டும் நேரலாம்.

பெட்டிமுடியில் 66 பேரின் உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கிடைக்கவே இல்லை. கிடைத்தவர்களை இராஜமலையிலேயே அடக்கம் செய்தார்கள். ஆகஸ்டு 6-ஆம் தேதி வரும்போது உறவினர்கள் அங்கு வந்து கூடுகிறார்கள். கிடைக்காத நால்வருக்குரியவர்களும் வருகிறார்கள். மூணாறு மலைகளில் அது மழைக்காலம்.